கதை குவெஸ்ட்: கண்ணால பார்த்தது நிக்குதா, கையால செஞ்சது நிக்குதா?

பழையவாள்

ஆன்லைன் ஃபேண்டஸி ஆர்பிஜி (ஒரு கேரக்டரா மாறி ஆடுற கேம்) ஆடுற எல்லாருக்கும் மனசை விட்டுப் போகாத ஒரு குவெஸ்ட் (கதையோட கேம் கொடுக்குற வேலை) இருக்கும். உங்களோடது எது, ஏன்? பேரை மட்டும் போட்டுட்டுப் போயிடாம கொஞ்சம் விரிவா எழுதுங்க. ஸ்பாய்லர் தாராளமா வரும். ஆடப்போற கேம் பேரைப் பார்த்தா அந்தப் பதிவைத் தாண்டிப் போயிடுங்க.

என்னோடது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டோட பழைய டஸ்க்வுட். 2004ல கேம் வந்தப்போ இருந்தே இருக்குற குவெஸ்ட் வரிசை. ரேவன் ஹில் சுடுகாட்டுப் பக்கம் ஏபர்கிராம்பின்னு ஒரு தனிக்கட்டை. குடிசையில உட்கார்ந்துக்கிட்டுச் சின்னச் சின்ன உதவியா கேப்பார். டார்க்ஷயர்ல இருந்து கொஞ்சம் சாமான், பேயோட கூந்தல்ல திரிச்ச நூல், அழுகல் பூ, கூளிகளோட விலா எலும்பு. ஒவ்வொண்ணுக்கும் அந்த இருட்டுக் காட்டைக் குறுக்கால கடந்து போய்த் திரும்பணும். அலைச்சல் தாங்காது. கடைசியா மேயர்கிட்ட கொடுக்கச் சொல்லி ஒரு கடிதம். அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடிப் பிடிச்சு, அவர் படிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு காத்திருந்தா, அது மிரட்டல் கடிதம். நீங்க சுமந்துட்டு வந்த நூலும் எலும்பும் சேர்ந்து ஸ்டிச்சஸ்ங்கிற பிணப் பூதமா எழுந்து நிக்குது. சாலை வழியே டார்க்ஷயரை நோக்கி நடக்குது. காவல் வீரர்கள் வரிசையா விழறாங்க.

இதுல கட்சீன் (ஆடாம பார்க்க மட்டும் வர்ற காட்சி) ஒண்ணுகூட இல்ல. குரல் நடிப்பு இல்ல. ஆனா அந்தச் சாலையில அதே நேரம் வேற வேலையா வந்துட்டிருந்த மற்ற பிளேயர்களும் அதுகிட்ட அடி வாங்கிச் சாவாங்க. ஏன்னே அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒரு பொத்தானை அழுத்திப் பொருளைக் கொடுத்தது நீங்க.

அதனால என் கட்சி இதுதான்: ஆன்லைன் கேம்ல கதை ஆழமா இறங்கணும்னா அது நம்ம கை வழியா இறங்கணும். பார்க்கிறதுக்குப் படம் இருக்கு, படிக்கிறதுக்கு நாவல் இருக்கு. வேற கருத்து இருக்கிறவங்க வாங்க.

மௌனவில்

வாள் அண்ணா, வேற கருத்து எனக்கு உண்டு.

நான் ஃபைனல் ஃபேண்டஸி 14 ஆடுகிறேன். கட்சீன் நிறைந்த விளையாட்டு என்று இதைக் குறை சொல்வார்கள். உண்மைதான், மணிக்கணக்கில் பார்க்க வேண்டியிருக்கும். ஹெவன்ஸ்வார்ட் என்ற விரிவாக்கத்தில் ஹோர்ஷஃபாங் என்ற நண்பன் உங்களுக்காகக் கேடயத்தை நீட்டி, அந்த ஒளி ஈட்டியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும் காட்சியில் உங்கள் கைக்கு எந்த வேலையும் இல்லை. தடுக்க முடியாது, ஓட முடியாது. கை கட்டப்பட்டு நிற்பதுதான் அங்கே கதையே. அதையும் ஆட்டத்தின் பகுதியாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பனியில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டு வந்த நாளில் உங்களுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவன் அவன். அதற்குப் பிறகு அவனுடைய ஊருக்கு எத்தனை தரம் போய் வந்திருப்போம். அவன் சாவு வலிப்பதற்கு அந்தப் போக்குவரத்து எல்லாம் காரணம்.

ஷேடோபிரிங்கர்ஸில் (2019) அமாரோட் என்று ஒரு இடம் வருகிறது. கடலுக்கடியில், அழிந்துபோன ஒரு மாநகரத்தை எதிரியான எமெட்செல்க் தன் நினைவிலிருந்து அப்படியே எழுப்பி வைத்திருக்கிறான். தெருவில் நடமாடுபவர்கள் எல்லாம் நிழல்கள், நம்மை விடப் பல மடங்கு உயரம். நாம் குள்ளமாக இருப்பதால் நம்மைக் குழந்தை என்று நினைத்து அன்பாகக் குனிந்து பேசுவார்கள். அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வரிசையில் நிற்க வேண்டும், விசாரிக்க வேண்டும், இன்னொருவரிடம் போகச் சொல்வார்கள். சண்டை இல்லாத, வெறும் நடையும் பேச்சுமான குவெஸ்ட். ஆனால் அதை முடிக்கும்போது எதிரி எதை இழந்தான் என்று நமக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவனோடு சண்டை போடுவது முன்பு போல இருக்காது. என்னைப் பொறுத்தவரை ஆன்லைன் ஆர்பிஜியில் வந்த எதிரிகளில் அவனுக்குத்தான் முதலிடம்.

உங்கள் கட்சிக்குச் சாதகமான ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எண்ட்வாக்கரில் (2021) 'இன் ஃப்ரம் த கோல்ட்' என்ற குவெஸ்ட். எத்தனையோ தெய்வங்களை வீழ்த்திய உங்கள் உயிரை எடுத்து ஒரு சாதாரணச் சிப்பாயின் உடம்பில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் உடம்பை எடுத்துக்கொண்டு எதிரி இளவரசன் செனோஸ் உங்கள் நண்பர்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். திரையின் அடியில் வரிசையாக இருந்த திறமைகள் எல்லாம் காணாமல் போய், ஒன்றிரண்டு அற்ப அடிகள் மட்டும் மிச்சம். நேற்று வரை ஒரே வீச்சில் விழுந்த சாதாரண எதிரிக்குப் பயந்து சுவரோரம் பதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. யாரும் எதையும் விளக்குவதில்லை. அந்த வெறும் பொத்தான் வரிசையே போதும்.

நடுச்சாமநரி

அண்ணா, டஸ்க்வுட் சொன்னீங்களே, அதையே பதினேழு வருஷத்துக்கு இழுத்தா எப்படி இருக்கும்? அதுதான் ரூன்ஸ்கேப்போட பிளேக் கதை.

ஆர்டோய்ன்னு ஒரு நகரம். நடுவுல பெரிய மதில். மேற்குப் பக்கம் கொள்ளைநோய்னு அடைச்சு வெச்சிருக்காங்க. 2002ல வந்த பிளேக் சிட்டி குவெஸ்ட்ல எட்மண்டுங்கிறவரோட மக எலீனா உள்ள மாட்டிக்கிட்டா. அவர் தோட்டத்து மண்ணுல நாலு வாளி தண்ணி ஊத்தி இளக்கி, தோண்டி, சாக்கடை வழியா உள்ள போகணும். மூஞ்சில முகமூடி. எலீனாவைக் காப்பாத்திட்டோம்னு சந்தோஷமா வந்தா, அடுத்த குவெஸ்ட்ல நோய் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொண்டு போறோம். அதுல ஒண்ணுமே இல்ல. நோயே கிடையாது, எல்லாம் புளுகு. நேரா ராஜா லாத்தஸ்கிட்ட போய்க் கேட்டா அவர் நிதானமா ஒரு காரணம் சொல்றார்: மதிலுக்கு அந்தப் பக்கம் போன என் தம்பி டைரஸ் இருட்டுச் சக்தி கிட்ட விழுந்துட்டான், மக்கள் அங்க போகாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நாமும் நம்பிடுறோம். நிலத்தடிப் பாதை எல்லாம் தாண்டிப் போய், ரெஜிசைட் குவெஸ்ட்ல வெடிபீப்பாய் செஞ்சு, காவல்காரனுக்கு முயல் கறி சமைச்சுக் கொடுத்து ஏமாத்தி, கவண் பொறியால டைரஸ் கூடாரத்தையே அடிச்சுத் தூக்குறோம். திரும்பி வர்ற வழியிலதான் தெரியுது, இருட்டுப் பக்கம் நின்னது லாத்தஸ்தான். நாம கொன்னது நல்லவனை.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. ஷீப் ஹெர்டர்னு ஒரு குட்டி குவெஸ்ட், ஆரம்பத்துலயே பண்ணிடலாம், லெவல் எதுவும் வேணாம். நோய் புடிச்ச நாலு ஆடு தப்பிச்சுடுச்சு, கவசத் துணி மாட்டிக்கிட்டு ஓட்டிட்டு வந்து தொழுவத்துல அடைச்சு, விஷம் வெச்சு, எலும்பை எரிச்சுடுன்னு சொல்வாங்க. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்னு நிறம் மாறிப்போன ஆடுங்க. பரிதாபமா இருக்கும், ஆனா ஊரைக் காப்பாத்துறோம்னு செஞ்சுடுவோம். பல வருஷம் கழிச்சு மோர்னிங்ஸ் எண்ட் குவெஸ்ட்ல நீங்களே வேவு பார்க்க, மேற்குப் பக்கத்தைக் காவல் காக்குற மோர்னர்கள் வேஷத்துல உள்ள போறீங்க. கொடுக்குற வேலை என்ன தெரியுமா? ஆடுங்களுக்குச் சாயம் அடிக்கிறது. நோய் இருக்குன்னு ஜனங்களை நம்ப வைக்க. சாயத்தைப் பீச்சுறப்போதான் அந்த நாலு ஆடும் நினைப்பு வரும். யாரும் அதைப் பத்தி வசனம் பேசி உருக வைக்கல. சாயம் ஏறின நிறம் பார்த்தாலே புரிஞ்சிடும்.

ஓல்ட் ஸ்கூல்ங்கிற பழைய பாணி ரூன்ஸ்கேப்புல இந்தக் கதைக்கு முடிவு 2019ல 'சாங் ஆஃப் த எல்ப்ஸ்'ல வந்துச்சு. புதுசாக்கிக்கிட்டே வர்ற இன்னொரு ரூன்ஸ்கேப்புல 2014லயே 'பிளேக்ஸ் எண்ட்'னு முடிச்சுட்டாங்க. பள்ளிக்கூடப் பையனா தோண்ட ஆரம்பிச்ச பலபேர், வேலைக்குப் போற ஆளா இந்தக் கதையை முடிச்சிருக்காங்க. வேற எந்தக் கதை வடிவத்துக்கு இது வாய்க்கும்?

பழையவாள்

நரி, ஷீப் ஹெர்டரை ஆரம்பத்துல ஆடி முடிச்சு அப்படியே மறந்துட்டவன் நான். அதுக்குப் பின்னால இவ்வளவு இருக்குன்னு இப்பதான் தெரியுது. மோர்னிங்ஸ் எண்ட் வரைக்கும் போகணும்னு ஆசை வந்திருச்சு.

மௌனவில், பொத்தான் வரிசை காணாமப் போற இடம் எனக்கும் சம்மதம். ஆனா ஹோர்ஷஃபாங் காட்சியில உங்க கூட ஒத்துப்போக முடியல. கை கட்டி நிக்கிறதும் ஆட்டம்தான்னா, சினிமாவும் ஆட்டம்தான்னு ஆகிடும். அவன் ஊருக்குப் போக்குவரத்தா இருந்தோம்னு நீங்க சொன்ன அந்த வரிதான் அங்க வேலை செய்யுது. அதுவும் கால் நடந்த கதைதான்.

கேடயக்காரி

போக்குவரத்துன்னதும் எனக்கு வேற எதுவும் தோணல, கில்ட் வார்ஸ்தான். 2005ல வந்த முதல் கேம்.

ஆரம்பத்துல அஸ்கலான் நாடு பச்சைப் பசேல்னு இருக்கும். புல்வெளி, ஆறு, சின்னக் கோவில். குவெஸ்ட் எல்லாம் லேசு. அங்க க்வென்னு ஒரு சின்னப் பொண்ணு. ஒரு புல்லாங்குழல் கொடுக்கலாம், சிவப்பு ஐரிஸ் பூ பறிச்சுக் கொடுக்கலாம். நம்ம பின்னாலயே வருவா, குழல் வாசிச்சா நம்ம காயம் கொஞ்சம் ஆறும். ஒரு திரைச்சீலைக் கிழிசலை நமக்குப் பரிசா கொடுப்பா. எந்தக் கட்டாயமும் இல்ல. கேம்ல பாதிப் பேர் அவகிட்ட நின்னு பேசியே இருக்கமாட்டாங்க.

அப்புறம் ஒரு இடத்துல ராணுவத்துல சேரணும்னு ஒத்துக்கிட்டா, சார்னு பேருள்ள மிருக இனத்தோட தீமழை விழுது. நாடே எரிஞ்சு சிவப்பும் சாம்பலுமா ஆயிடுது. அந்தப் பச்சை அஸ்கலானுக்கு அந்த கேரக்டரோட திரும்பவே முடியாது. எரிஞ்ச நாட்டுல க்வென் இல்ல. உடைஞ்ச குழல் ஒண்ணு கிடைக்கும். அவ்வளவுதான்.

2007ல ஐ ஆஃப் த நார்த் வந்தப்போ க்வென் வந்தா. வளர்ந்தவளா, எபன் வேன்கார்ட் படையில, சார்கள்கிட்ட அடிமையா இருந்து தப்பிச்சவளா. அவ பேச்சுல ஒரு கடுப்பு, யாரையும் நம்பாத தன்மை. பூ வாங்கிக்கிட்டு ஓடியாடின குழந்தையை நீங்க பார்த்திருந்தா மட்டும்தான் அந்தக் கடுப்பு உங்களைச் சுடும். அந்தக் கிழிசலை அத்தனை நாள் பெட்டியில வெச்சிருந்தவங்களுக்கு ஹால் ஆஃப் மான்யூமென்ட்ஸ்ங்கிற நினைவு மண்டபத்துல அதுக்கு ஒரு வேலையும் இருந்துச்சு.

இதோட நிறுத்தியிருந்தாலே போதும். 2012ல வந்த கில்ட் வார்ஸ் 2 இருநூத்தைம்பது வருஷம் கழிச்சு நடக்குது. அதுல சார் இனத்துல ஒருத்தரா நாமளே ஆடலாம். அஸ்கலான் இப்போ அவங்க மண். அவங்க கேட்டா, இது எங்க மூதாதையர் மண், மனுஷங்கதான் புடுங்கினாங்கன்னு சொல்வாங்க, அதுவும் பொய்யில்ல. அடெல்பெர்ன் ராஜா செஞ்ச காரியத்தால சொந்த மக்களே ஆவிகளா நின்னு போரே முடியாம சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. நான் சார் கேரக்டரா அந்த ஆவிகளை வெட்டினப்போ, அதுல யாராவது நான் தெரிஞ்சவங்களா இருக்குமோன்னு கை தயங்குச்சு. க்வென் பரம்பரையில வந்த லோகன் தாக்கரே பக்கத்துலயே நிக்கிறார். ஒரே மண்ணை ரெண்டு பக்கத்துல இருந்தும் மிதிக்க வெச்ச கதை எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

மௌனவில், உங்க எமெட்செல்க் பத்தி எனக்கு மறுப்பில்ல. ஆனா அவன் வலியை அவன் சொல்லித்தான் நாம தெரிஞ்சுக்கிறோம். அஸ்கலான் எரிஞ்சதை யாரும் எனக்குச் சொல்லல, அங்க நான் இருந்தேன்.

மௌனவில்

கேடயக்காரி, கடைசி வரிக்குப் பதில் சொல்ல யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அமாரோட்டில் அவன் சொன்னதை விட அந்தத் தெருக்கள் சொன்னதுதான் அதிகம். ஆனாலும் நீங்கள் சொல்வது சரி: நான் அந்த நகரத்தின் விருந்தாளி, நீங்கள் அஸ்கலானின் குடிமகள். அது பெரிய வித்தியாசம்.

சாம்பல்சிறகு

இரண்டைப் பற்றி எழுத வேண்டும். இரண்டும் வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்)தான்.

முதலாவது டாரோஷயர். ஈஸ்டர்ன் பிளேக்லேண்ட்ஸில் பாழடைந்த ஒரு கிராமம், அங்கே பமேலா ரெட்பாத் என்ற சிறுமியின் ஆவி. தான் இறந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. அவளுடைய பொம்மையைத் தேடித் தரச் சொல்வாள். கிராமத்தில் தலை ஓரிடம், இடப் பாதி ஓரிடம், வலப் பாதி ஓரிடம் என்று மூன்று துண்டுகளாகக் கிடக்கும். சுற்றிலும் ஆவிகள் பாயும். சேர்த்துக் கொடுத்தால், அத்தை எங்கே, சிற்றப்பா எங்கே, அப்பா எப்போது வருவார் என்று கேட்பாள். அங்கிருந்து அத்தை மார்லீன், சிற்றப்பா கார்லின், பிறகு ஆண்டோர்ஹாலில் குரோமி என்று தொடர் நீள்கிறது. கடைசியில் அந்தக் கிராமம் வீழ்ந்த நாளின் போரையே மறுபடி எழுப்பி, அவள் தந்தை ஜோசப்பின் ஆன்மாவை விடுவிக்க வேண்டும். அந்தப் போர் தனியாளாகச் செய்வதற்குக் கடினம். அதனால் சாலையில் போகிறவர்களைக் கூப்பிடுவோம், அவர்களும் வருவார்கள். வெற்றி கிடைத்தால் பமேலாவிடம் அவள் அப்பா வந்து நிற்பார். உதவிக்கு வந்த முன்பின் தெரியாத நாலு பேரும் அங்கேயே நின்று அதைப் பார்ப்பார்கள். குவெஸ்ட் அவர்களுடையது இல்லை, பரிசும் இல்லை, ஆனாலும் போகமாட்டார்கள். பழையவாள் கேட்ட 'கை' இதில் இருக்கிறது, கூடவே பிறர் கைகளும் இருக்கின்றன. ஆன்லைன் விளையாட்டுக்கென்றே உரியது இதுதான் என்பது என் எண்ணம். தனியாள் விளையாட்டில் இது நடக்காது.

இரண்டாவது ராத்கேட். 2008இல் வந்த ராத் ஆஃப் த லிச் கிங். டிராகன்பிளைட் பகுதி முழுக்க உங்கள் தரப்புக்கு வேலை செய்து முடித்தால், ஆங்கிரத்தார் வாசலில் எதிரெதிர்த் தரப்புத் தளபதிகளான அலையன்ஸின் போல்வரும் ஹோர்டின் இளைய சார்ஃபாங்கும் சேர்ந்து நிற்கும் காட்சி வருகிறது. பிறகு மேலிருந்து புட்ரஸ் என்ற துரோகியின் விஷக் குண்டுகள் விழுகின்றன. இது கட்சீன்தான், மௌனவில் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் காட்சி முடிந்ததும் அதே களத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். தீ இன்னும் எரிகிறது. ஹோர்ட் தரப்பில் ஆடினால், பிணங்களுக்கு நடுவே தேடி இளைய சார்ஃபாங்கின் கவசத்தை எடுத்து அவன் தந்தையிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அலையன்ஸ் என்றால் போல்வரின் கேடயத்தை அரசர் வேரியனிடம். பார்த்ததைக் கையில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கும் வேலை. இதற்குப் பின் அண்டர்சிட்டிப் போர், ஜெயினாவும் வேரியனும் ஒரு பக்கம், த்ரால் சில்வனாஸ் மறு பக்கம்.

என் வருத்தம் ஒன்று. 2010இல் கேட்டகிளிசம் வந்தபோது அண்டர்சிட்டிப் போரை எடுத்துவிட்டார்கள். டிரியான் ஃபோர்டிரிங்கின் பழைய குவெஸ்ட் வரிசையும் போயிற்று: நாடு கடத்தப்பட்டு ஆற்றங்கரையில் தனியாக இருக்கும் கிழவர், மகன் டேலனிடம் அவனுடைய சிறுவயது விளையாட்டுச் சுத்தியலைக் காட்டி நினைவூட்டச் சொல்லி நம்மை அனுப்புவார், மகன் மனம் திரும்பி அப்பாவைப் பார்க்க வருகிற வழியில் கொல்லப்படுவான். பின்னால் லிச் கிங்கை வீழ்த்தும் டிரியானைப் புதிதாக வருகிறவர்கள் ஒரு வீரனாக மட்டும் பார்க்கிறார்கள். அவர் மகனைப் புதைத்தவர் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லாமல் போய்விட்டது. கதையைத் தொடர்ச்சியாக எழுதிக்கொண்டே போகும் விளையாட்டில், கீழே இருக்கிற படிகளை உடைப்பது பெரிய தவறு. புதுப்பிக்கலாம், சரிசெய்யலாம், ஆனால் அழிக்கக் கூடாது.

நடுச்சாமநரி

சிறகு அண்ணா சொன்னதுக்கு நூறு சதம் சம்மதம். ரூன்ஸ்கேப்லயும் சில பழைய குவெஸ்ட்டைத் தூக்கியிருக்காங்க. ஆனா பெரிய தொடர்கதைகளை முதல் படியில இருந்து இன்னைக்கும் ஆடலாம். ஓல்ட் ஸ்கூல் 2013ல வந்ததே 2007ஆம் வருஷத்து நகலை வெச்சுத்தான்.

கேடயக்காரி

அழிக்காம விட்டாலும் வேற மாதிரி கெடும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்ல 2016ல ஒன் டாம்ரியல்னு கொண்டு வந்தாங்க, எந்தப் பகுதியை வேணாலும் எந்த வரிசையிலயும் ஆடலாம். சுதந்திரம் நல்லதுதான். ஆனா கோல்ட்ஹார்பர்ல காணாமப் போன டேரியன், 2018ல சம்மர்செட்ல திரும்ப வர்றான். சம்மர்செட்டை முதல்ல ஆடினவங்களுக்கு அவன் யாரோ ஒரு அழகான வீரன். காணாமப் போனதே தெரியாதவங்களுக்குத் திரும்ப வந்ததுல என்ன இருக்கு? அந்தக் கேம்ல எல்லா என்பிசிக்கும் (கேமே நடத்துற பாத்திரங்களுக்கு) குரல் இருக்கு, எழுத்தும் நல்லா இருக்கு, ரிவன்ஸ்பயர் பகுதிக் கதை எனக்கு அவ்வளவு பிடிக்கும். வரிசை குலைஞ்சதால முழு மதிப்பு கிடைக்காம போகுது.

குறிப்பேடு

எல்லாரும் சோகத்தைப் பத்தியே பேசறீங்க. புத்திக்கு வேலை வெச்ச குவெஸ்ட் ஒண்ணைச் சொல்றேன். த சீக்ரெட் வேர்ல்ட், 2012. நவீன உலகத்துல நடக்குற இருண்ட ஃபேண்டஸி. கிங்ஸ்மவுத் கோட்னு ஒரு இன்வெஸ்டிகேஷன் மிஷன். ஊர்த் தெருவுல இருக்குற பாதாளச் சாக்கடை மூடிகள்ல இலுமினாட்டி சின்னம். அந்த முக்கோணம் எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் நடக்கணும், அடுத்த மூடி வரும். மேப்புல புள்ளி வெக்கமாட்டாங்க. நாம குனிஞ்சு தரையைப் பார்த்து நடந்தாத்தான் வழி. அப்புறம் ஒரு ஓவியரோட பேரை நிஜ உலகத்துல தேடிக் கண்டுபிடிக்கணும், கடிகார முள்ளு காட்டுற எண்ணை பைபிள் வசன எண்ணா எடுத்துப் படிக்கணும். இணையத்துல தேடுறதுக்குன்னே கேமுக்குள்ள ஒரு பிரவுசர் வெச்சிருந்தாங்க.

பழையவாள் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரடியான பதில்னு நினைக்கிறேன். நாம துப்பறியறதா கேம் பாசாங்கு பண்ணல, நாமதான் நெஜமா துப்பறியறோம். மத்த கேம்ல எல்லாம் குவெஸ்ட் மார்க்கர் எங்க இருக்கோ அங்க ஓடுறோம், கதையில நாம பெரிய துப்பறிவாளர்னு வசனம் வருது. விடையை விக்கில பார்த்து ஆடினவங்களுக்கு இந்த மிஷன்ல ஒண்ணுமே மிஞ்சாது. அது ஒண்ணுதான் இதோட பலவீனம்.

பழையவாள்

குறிப்பேடு, இது நான் யோசிக்காத பக்கம். கை மட்டுமில்ல, தேடுற கண்ணும் கணக்குல வரணும். பழைய வாவ்ல மேன்கிரிக்ங்கிறவரோட மனைவியைத் தேடினோமே, பேரன்ஸ்ங்கிற பரந்த நிலம் முழுக்க. எங்கன்னு குவெஸ்ட்ல சரியா சொல்லல. சாட்ல ஒருத்தரை ஒருத்தர் கேட்டு, வழி சொல்லி, தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குக் காட்டி... சாதாரண குவெஸ்ட்தான், ஆனா தேடல் அதை எல்லாருக்கும் பொதுவான கதையா ஆக்கிடுச்சு.

புதுக்காலடி

எல்லாத்தையும் படிச்சேன். நான் குவெஸ்ட் டெக்ஸ்ட் படிக்காம அக்செப்ட் அமுக்கிட்டுப் போற ஆளு. லெவல் ஏறணும், பிரண்ட்ஸ் கூட டன்ஜன் போகணும், அதுதான் நோக்கம். பத்துப் பன்னியைக் கொல்லு, எட்டு இலை பறின்னு வந்தா எதைப் படிக்கிறது? ஆனா ஆட்டுக்குச் சாயம் அடிச்ச கதையைக் கேட்டதும் ஆசையா இருக்கு. இன்னைக்குப் போய் ஆடினா இதுல எதெல்லாம் முழுசா கிடைக்கும்? எங்க ஆரம்பிக்கட்டும்?

மௌனவில்

தம்பி, பத்துப் பன்றி குவெஸ்ட்டைப் படிக்காமல் தாண்டுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. அவற்றை எழுதியவர்களே அவசரத்தில்தான் எழுதியிருப்பார்கள். பெயருள்ள ஒருவர் இரண்டாவது முறை உங்களைத் தேடி வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

உங்கள் அலுப்பையே கதையாக்கிய குவெஸ்ட் ஒன்று ஃபைனல் ஃபேண்டஸியில் இருக்கிறது, டார்க் நைட் வேலைக்கான வரிசை. இஷ்கார்டில் தெருவில் கிடக்கும் ஒரு பிணத்திடமிருந்து கல்லை எடுக்கிறீர்கள்; பிணம் எழுந்து ஃப்ரே என்ற பெயரில் உங்களுக்குக் குருவாகிறது. ஊரார் 'இதைக் கொண்டு வா, அதைக் கொடுத்துவிட்டு வா' என்று உங்களை ஏவும்போதெல்லாம் ஃப்ரே பல்லைக் கடிக்கும். எத்தனை நாள் இவர்களுக்கு எடுபிடி வேலை, உனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று கேட்கும். கேட்பதில் நியாயம் இருப்பதால் நாமும் தலையாட்டுவோம். பிறகுதான் தெரியும்: உண்மையான ஃப்ரே அன்றே செத்துவிட்டான். இத்தனை நாளும் பேசியது நம் நாயகனின் உள்ளே அடக்கி வைத்த கசப்பு. வாள் அண்ணாவின் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை. எத்தனையோ மணி நேரம் நாம் உண்மையில் பார்த்த எடுபிடி வேலைகள்தான் ஃப்ரேயின் கோபத்துக்கு ஆதாரம். இதை எழுதிய நட்சுகோ இஷிகாவாதான் பின்னால் ஷேடோபிரிங்கர்ஸ் முதன்மைக் கதையையும் எழுதினார்.

ஒரு எச்சரிக்கை: 2013இல் வந்த முதல் பகுதி நீளம். 2020இல் சில குவெஸ்ட்களைக் குறைத்தார்கள், ஆனாலும் பொறுமை வேண்டும். இலவசச் சோதனைப் பதிப்பிலேயே லெவல் 70 வரை, ஸ்டார்ம்பிளட் முடிய ஆடலாம். ஹோர்ஷஃபாங்கும் டார்க் நைட்டும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

சாம்பல்சிறகு

வாவில் கிளாசிக் சர்வர்கள் 2019இல் வந்தன. அதில் எக்ஸ்பான்ஷன் எதுவும் ஏறாத கிளாசிக் எராவைத் தேர்ந்தெடுத்தால் டஸ்க்வுட், பமேலா, டிரியான் மூன்றும் பழையபடியே கிடைக்கும். ராத்கேட்டும் அண்டர்சிட்டிப் போரும் 2022இல் ராத் கிளாசிக்கில் திரும்ப வந்தன. 2024இல் அந்த சர்வர்கள் கேட்டகிளிசத்துக்கு நகர்ந்ததும் போர் மறுபடி போய்விட்டது. ஒரே தவறு, இரண்டாவது தரம்.

இன்றைய வாவில் ஆடினால் ஐஸ்கிரவுனில் பிரைடன்பிராட் என்ற வீரனைத் தேடிப் பாருங்கள். மற்றவர்கள் தப்பிக்கத் தான் பின்தங்கி நின்று, நோய் தொற்றிக் கிடப்பவன். மருந்து கேட்டு ரெமுலோஸிடம் போவீர்கள், அலெக்ஸ்ட்ராசாவிடம் போவீர்கள், கடைசியில் ஷட்ராத்தில் அடாலிடம் போவீர்கள். கேமின் மிகப் பெரிய சக்திகள் மூவர். மூவராலும் அவனைப் பிழைக்க வைக்க முடியாது. கேமை உருவாக்கிய நிறுவனத்தில் வேலை செய்த ஒருவரின் சகோதரர், தீயணைப்பு வீரர், 2007இல் புற்றுநோயால் இறந்தார். அவர் நினைவாக எழுதப்பட்டது இது. எல்லாக் காயத்துக்கும் மருந்து இருக்கும் விளையாட்டில், கேட்டுக் கேட்டு அலைந்தும் முடியாமல் போவதை வைத்தது எவ்வளவு துணிச்சல்.

கேடயக்காரி

முதல் கில்ட் வார்ஸ் சர்வர் இன்னமும் ஓடுது, மாதக் கட்டணமும் கிடையாது. காலடி, அங்க போனீங்கன்னா அவசரப்பட்டு ராணுவத்துல சேராதீங்க. அந்தப் பச்சை அஸ்கலானை விட்டுப் போக மனசில்லாம அங்கயே லெவல் 20 வரைக்கும் ஏத்துறவங்க இருக்காங்க, அதுக்குன்னு தனிப் பட்டமே உண்டு. நீங்க அந்த அளவுக்குப் போக வேணாம், எல்லா மூலையையும் ஒரு சுத்து நடந்துட்டுப் போங்க. க்வென்னுக்குப் பூ கொடுங்க.

நடுச்சாமநரி

ரூன்ஸ்கேப்ல என் யோசனை இதுதான். ஓல்ட் ஸ்கூல், மெம்பர்ஷிப் வேணும், ஆர்டோய்ன் அதுக்குள்ளதான் இருக்கு. முதல்ல ஷீப் ஹெர்டர், அப்புறம் பிளேக் சிட்டி, பயோஹஸார்ட். இந்த மூணுக்கும் லெவல் தடை இல்ல, உடனே ஆடலாம். அதுக்கப்புறம் அண்டர்கிரவுண்ட் பாஸ், ரெஜிசைட், மோர்னிங்ஸ் எண்ட் ரெண்டு பாகம். 'சாங் ஆஃப் த எல்ப்ஸ்'க்கு எட்டு ஸ்கில்லுல 70 கேக்கும், அதனால நடுவுல நிறைய நாள் மரம் வெட்டணும், சுரங்கம் தோண்டணும். அந்த இடைவெளியை வீண்னு நினைக்காதீங்க. லாத்தஸ் மேல கோவம் ஊறுறது அப்போதான்.

விக்கி பார்க்கிறதா இருந்தா பொருள் பட்டியலை மட்டும் பாருங்க. கதைப் பகுதியைத் திறக்காதீங்க.

புதுக்காலடி

அண்ணா, அக்கா எல்லாருக்கும் நன்றி. ஷீப் ஹெர்டர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆனா இங்கயே உண்மையைத் தெரிஞ்சுக்கிட்டேனே, அந்த ஆடுங்களுக்கு விஷம் வெக்காம குவெஸ்ட்டை முடிக்க வழி ஏதும் இருக்கா?

நடுச்சாமநரி

இல்ல தம்பி. நாலையும் கொன்னாத்தான் குவெஸ்ட் முடியும்.